திரும்பிப் பார்க்காமல் விட்ட கதவுகள்

கதவக்காவை முதல்முறை பார்க்கிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். கதவு பார்க்க ஆள் வரும் என்றார்களே, இன்னும் வரவில்லையா? அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பாள். கையில் சின்ன டார்ச், தோளில் துணிப்பை, காலடியில் மடக்கு ஏணி, சட்டைப்பையில் இடைவெளி அளக்கிற தகடு. இவ்வளவையும் சுமந்துகொண்டு நிற்கிறவளை யாரென்று நினைத்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கழுத்தில் தொங்கும் அட்டையைத் தூக்கிக் காட்டி, வந்தாச்சு என்பாள். அவ்வளவுதான்.

தீக்கதவு என்றதும் இரும்பில் செய்த ஏதோ பூதம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அலுவலகத்து மாடிப்படிக்கு முன்னால் ஒன்று இருக்கிறதே, இரண்டு கையிலும் சாமானோடு வரும்போது முழங்கையால் தள்ளிவிட்டுத் திட்டுகிறீர்களே, அதுதான். எரிச்சலூட்டும் கனம். திறந்துவிட்டால் திறந்தபடி நிற்காது. தலைக்கு மேலே இருக்கிற ஒரு இரும்புக் கை அதை இழுத்துத் தானாகச் சாத்திவிடும். தீப்பிடித்தால் அரை மணி நேரம், சிலது ஒரு மணி நேரம், நெருப்பையும் புகையையும் அந்தப் பக்கத்திலேயே நிறுத்தி வைக்கும். அதற்குள் இந்தப் பக்கத்து ஆட்கள் இறங்கி ஓடிவிட வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: கதவு சாத்தியிருக்க வேண்டும். திறந்து கிடக்கிற தீக்கதவு வெறும் பலகை.

அந்தக் கதவு சரியாக இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தச்சர் சொன்னால் செல்லாது. கட்டடத்தின் சொந்தக்காரர் சொன்னாலும் செல்லாது. கதவை விற்றவரும் மாட்டியவரும் கிட்டேயே வரக்கூடாது. தன் பிள்ளையின் பரீட்சைத் தாளைத் தானே திருத்துகிற கதையாகிவிடும். அதற்கென்று படிக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும், இதற்கென்றே இருக்கிற வாரியம் தருகிற அட்டையை வாங்க வேண்டும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கதவக்கா அதை ஏழு முறை புதுப்பித்துவிட்டாள்.

அதற்கு முன்னால் கதவுத் தொழிற்சாலையில் இருந்தாள். கதவின் விளிம்பில் ஓடும் பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையை ஒட்டுவது வேலை. பார்க்க ஒன்றுமே இல்லாத பட்டை. சூடு பட்டால் மட்டும் பொங்கி உப்பி, கதவுக்கும் நிலைக்கும் நடுவிலிருக்கிற இடைவெளியை அடைத்துவிடும். எட்டு வருஷம் ஒட்டினாள். அதில் நாலு வருஷம் அது எதற்கென்றே தெரியாமல் ஒட்டினாள். பிறகு ஒருநாள் அங்கே செய்த கதவு ஒன்றைச் சோதனை உலையின் வாயில் பொருத்தி எரித்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் இவள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே போய் நின்றாள். அந்தப் பக்கம் உலை ஓலமிட்டது. இந்தப் பக்கம் கதவு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி சும்மா நின்றது. இவள் ஒட்டிய பட்டை மெதுவாக உப்பி விளிம்பை மூடியதைக் கண்ணால் பார்த்தாள். முப்பத்தெட்டு நிமிஷம் ஒரு கீற்றுப் புகை இந்தப் பக்கம் வரவில்லை. அன்றைக்குப் பிடித்த பித்து அது. ரொட்டியைச் சாப்பிட மறந்துவிட்டாள்.

தேர்வுக்குப் போனபோது கூடத்தில் முப்பத்தொரு ஆண்கள், இவள் ஒருத்தி. துணைக்கு வந்தவர்கள் வெளியே உட்காரலாம் என்று கண்காணிப்பாளர் மிகவும் மரியாதையாக வந்து சொன்னாராம். இவள் அதைவிட மரியாதையாக நுழைவுச்சீட்டை நீட்டினாள். முதல் மதிப்பெண் யாருக்கு என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இனிமேல்தான் விஷயம். ஒரு கதவுக்கு ஒரு படிவம், படிவத்தில் இருபத்தொரு கட்டங்கள். நிலைக்கும் கதவுக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் சந்து இருக்கிறதா, கீல்கள் மூன்றும் உறுதியா, பட்டையின் மேல் யாராவது பெயின்ட் பூசித் தொலைத்திருக்கிறார்களா என்று வரிசையாகப் போகும். கடைசிக் கட்டம்: கதவை விட்டால் தானாக முழுவதும் சாத்திக்கொள்கிறதா? முழுவதும் என்றால் பூட்டின் நாக்கு நிலையில் இருக்கிற துளைக்குள் போய் உட்கார வேண்டும். மற்ற பரிசோதகர்கள் கதவைத் திறந்து விடுவார்கள், அது ஆடி அசைந்து வந்து சேரும்வரை நிற்பார்கள், உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பார்ப்பார்கள். அசையவில்லை என்றால் சரி.

கதவக்கா அப்படியெல்லாம் நிற்க மாட்டாள். கதவைத் திறந்து விட்டுவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு அடுத்த கதவுக்கு நடந்துவிடுவாள். பின்னால் இரும்புக் கை நீளமாக ஒரு பெருமூச்சு விடும். பிறகு ஒரு நொடி ஒன்றுமே கேட்காது. பிறகு, டிக். நாக்கு துளைக்குள் விழுந்துவிட்டது. நடந்தபடியே கடைசிக் கட்டத்தில் கோடு போடுவாள். மற்றவர்கள் ஒரு நாளைக்கு முப்பது கதவு பார்த்தால் இவள் நாற்பத்தைந்து பார்ப்பாள். திரும்பிப் பார்க்காமலே கதவு பார்க்கிறவள் என்று தொழிலில் அவளுக்குப் பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

தலைக்கனத்தைவிட ஆசைதான் அதிகம். அந்த டிக் சத்தத்தின் மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம். சிலருக்கு மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் வரும். இவளுக்குக் கனவில் ஒரு நடைவழி வரும். முடிவே தெரியாத நடைவழி, இரண்டு பக்கமும் கதவுகள், எங்கிருந்தோ பால் நிறத்தில் வெளிச்சம். இவள் நடக்க நடக்க ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வரும். டிக். டிக். உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் பத்திரம். அதற்குமேல் கனவில் ஒன்றும் நடக்காது. காலையில் முகம் தெளிந்து எழுந்திருப்பாள்.

இப்படி இருபத்திரண்டு வருஷம். ஐம்பத்து மூன்று வயதும் ஆகிவிட்டது.

அன்றைக்கு அவள் போனது ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு. வயதானவர்களும், விபத்தில் படுக்கையில் விழுந்தவர்களும் தங்கியிருக்கிற மூன்று மாடிக் கட்டடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. மதியம் மூன்று மணி இருக்கும். உள்ளே இருப்பவர்கள் பாதிப் பேர் தூக்கத்தில். தரையில் ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து கிடந்தது. அங்கே குழாய் முதல் கூரை வரை எல்லாவற்றையும் பழுது பார்க்கிற ஆள், இடுப்பில் சாவிக்கொத்தோடு, வழக்கம்போல் இவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். தரைத்தளத்தில் துணி அடுக்கும் அறையின் கதவைத் திறந்து விட்டுவிட்டு இவள் முதுகைத் திருப்பினாள். பெருமூச்சு. அமைதி. டிக். கோடு போட்டாள்.

"அக்கா, அது சாத்தலையே" என்றார் சாவிக்கொத்துக்காரர்.

விளையாடுகிறார் என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தாள். அவர் மறுபடியும் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் கதவக்கா திரும்பிப் பார்த்தாள். கதவு நிலையைத் தொடாமல், விரல் நுழைகிற அளவு சந்து விட்டு நின்றுகொண்டிருந்தது. உள்ளே அடுக்கியிருந்த வெள்ளைத் துணிகள் தெரிந்தன.

போட்ட கோட்டையே பார்த்தபடி நின்றுவிட்டாள். கதவு சாத்தாததற்காக அல்ல. கதவு என்றால் சாத்தாமல் போகும், அதற்குத்தானே பரிசோதனை. ஆனால் அவளுக்கு டிக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. இல்லாத சத்தம் எப்படிக் கேட்கும்?

அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு, தலைவலி என்று ஏதோ மென்று விழுங்கி, மீதிக் கதவுகளை மறுநாளைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்தவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அலமாரி முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்து மூடினாள். டிக். மறுபடியும். டிக். பிறகு மெதுவாக, பாதியிலேயே கையால் பிடித்து நிறுத்தினாள். கதவு இன்னும் ஒரு சாண் திறந்தே இருந்தது.

டிக் கேட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காது டாக்டரிடம் போனாள். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். உள்ளே பஞ்சுக்குள் புதைந்த மாதிரி அமைதி. எங்கோ தூரத்தில் ஒரு சத்தம், அழுத்தினாள். இன்னொன்று, அழுத்தினாள். மிகவும் பழகிய, மெல்லிய, கூர்மையான ஒன்று, அதற்கும் அழுத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கருவியை நிறுத்திவிட்டு வந்து, "அம்மா, கடைசியா நான் ஒண்ணும் போடலையே" என்றாள். டாக்டர் பிறகு பொறுமையாக விளக்கினார். பேச்சு கேட்கும், வண்டி கேட்கும், கனமான சத்தமெல்லாம் கேட்கும். கூர்மையான சின்னச் சத்தங்கள் போய்விட்டன, இரண்டு காதிலும். வருஷக்கணக்காகப் பழகிய சத்தம் என்றால் காதுக்கு வராததை மூளையே போட்டு நிரப்பிக்கொள்ளுமாம். பெரிய வியாதி ஒன்றும் இல்லை என்று ஆறுதலும் சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

கதவக்காவின் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். தெருவில் பாதிப் பேரின் தலையும் முக்கால்வாசிப் பேரின் ரகசியமும் அவர் கையில். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். அன்றைக்குச் சாயங்காலம் அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் வாய் அடைத்துப்போயிற்று. அதில்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டாள்.

தெரியும். மாதம் ஒருமுறை அவளுக்கு முடி வெட்டிவிடுகிறவர் அவர்தான். கத்தரிக்கோல் காதோரம் வரும்போது யாராக இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு லேசாகத் தோளைச் சுருக்குவார்கள். கதவக்கா மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சுருக்குவாள். போன குளிர்காலத்தில் ஒருநாள் அவள் சுருக்கவில்லை. அடுத்த மாதமும் இல்லை. வேண்டுமென்றே காதுமடலுக்கு ஒட்டி வெறும் கத்தரியை அடித்துப் பார்த்திருக்கிறார். கண்ணாடியில் அவள் முகம் கனவு காண்கிற மாதிரி அப்படியே இருந்ததாம்.

"ஏங்க சொல்லலை?"

"உனக்குப் பயமா இருக்குமேன்னுதான்" என்றார் முதலில். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல. எனக்குத்தான் பயமா இருந்துச்சு" என்றார்.

அவளுக்கு அவர் மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதே நேரம் அழுகையும் வந்தது. ஒருவர் மேல் ஒரே சமயத்தில் இரண்டும் வருமா என்று கேட்காதீர்கள். கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருஷம் ஆனவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

போன குளிர்காலம் என்றால் பதினோரு மாதம். படிவக் கட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பிக் கணக்குப் பார்த்தாள். இருபத்தாறு கட்டடங்கள். மூவாயிரத்து நூற்று நாற்பது கதவுகள். அத்தனைக்கும் கடைசிக் கட்டத்தில் கோடு. மற்ற இருபது கட்டங்களும் கண்ணால் பார்த்து, தகடு விட்டு அளந்து போட்டவை. அதில் குற்றம் சொல்ல முடியாது. கடைசிக் கட்டம் மட்டும் அவள் கேட்டுப் போட்டது. அதில் எத்தனை நிஜமாகக் கேட்டது, எத்தனை கேட்காமலே கேட்டது என்று யாருக்குத் தெரியும்? ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரி இருந்தது அதில். ஒரு மாணவியர் விடுதி. ஆறு மாதத்துக்கு முன்னால் சரியென்று எழுதிக் கொடுத்த அந்தப் பராமரிப்பு இல்லமும் இருந்தது.

இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர்; நாலே பேர் வேலை செய்கிற நிறுவனத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடப்பவர். நல்ல மனிதர்தான். முழுவதும் கேட்டார். பிறகு விதிப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். பரிசோதகருக்குப் படிப்பு வேண்டும், தேர்வு வேண்டும், அட்டை வேண்டும், கதவில் சொந்த லாபம் இருக்கக்கூடாது. காது வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆகவே அவளுடைய தகுதிக்கு ஒரு குறையும் வரவில்லை என்றார். இன்றையிலிருந்து எல்லோரையும்போல் கையால் தள்ளிப் பார்த்தால் தீர்ந்தது.

கேட்க எவ்வளவு இதமாக இருந்தது! யாருக்கும் தெரியப்போவதில்லை. அட்டை இருக்கும், பெயர் இருக்கும், இன்னும் ஏழெட்டு வருஷம் இப்படியே ஓடிவிடும். கதவக்காவும் மனுஷிதானே, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் போனாள். பிறகு, பழைய கதவுகள் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"நூத்துல ஒண்ணு சாத்தாம இருக்கும்கா. அதுக்காக இருபத்தாறு இடத்துக்கும் கடுதாசி எழுதினா நாம மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

"நூத்துல ஒண்ணுன்னா முப்பத்தொண்ணு சார்" என்றாள் அவள். அவர் யோசிக்க ஒரு வாரம் கேட்டார்.

அந்த ஒரு வாரத்தில் கதவக்கா செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். லீவு போட்டாள். அட்டையைக் கழற்றி வீட்டில் வைத்தாள். அலுவலக உத்தரவு இல்லாமல் பரிசோதகராகப் போக முடியாது. ஆனால் பார்வை நேரத்தில் வெறும் மனுஷியாக எங்கேயும் போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போனாள். விடுதிக்குப் போனாள், யாரோ ஒரு பெண்ணின் சித்தி மாதிரி. நடைவழி நடைவழியாகப் போய், கதவைத் திறந்து விட்டு, நின்று, அது வந்து சேருகிறவரை பார்த்து, உள்ளங்கையால் தள்ளினாள். ஓரிடத்தில் காவலாளி வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, எல்லாரையும்தான் என்று சொல்லிவிட்டாள். மறை கழன்ற கேஸ் என்று முடிவு செய்து அவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

அந்த நாட்கள் அவளுக்குக் கண் திறந்தபடி காண்கிற கனவு மாதிரி போயின. கதவுகள் வந்தன, சாத்தின, சத்தம் மட்டும் இல்லை. இல்லை என்று சொல்வதும் தப்பு. அவளுக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. கதவு நகர ஆரம்பிக்கும் முன்பே டிக் கேட்டுவிடும். வாயை மூடு என்று தன் தலையையே திட்டிக்கொண்டு கையை வைத்துத் தள்ளுவாள்.

விடுதியில் ஒரு கதவு அசைந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு. கடைசியாகப் பராமரிப்பு இல்லத்துக்குப் போனாள். இரண்டாம் மாடியில் நடைவழியின் கோடியில் ஓர் அறை. கதவைத் திறந்து விட்டாள். ஆடி வந்தது, நிலையை நெருங்கியது, நின்றது. சாத்தின மாதிரியேதான் இருந்தது. உள்ளங்கையை வைத்தாள்; பூப்போல உள்ளே போனது. பூட்டின் நாக்கில் பெயின்ட் காய்ந்து ஒட்டி, நாக்கு வெளியே வரவே இல்லை. போன முறை அந்த அறையைப் பார்த்து, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது அவள்தான்.

உள்ளே கட்டிலில் ஒரு பெரிய உடம்பு தூங்கிக்கொண்டிருந்தது. அறுபது வயது மனிதர். போர்வைக்குக் கீழே கால்கள் அசைவற்று நேராகக் கிடந்தன. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர் என்று ஏற்கெனவே தெரியும். முன்பு லாரி ஓட்டியவர் என்று சாவிக்கொத்துக்காரர் சொல்லியிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழுந்திருந்தது. இவர் ஓட மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. எல்லோரும் இறங்கி ஓடும்போது இவர் இங்கேயே கிடந்து, கதவு பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக்கொண்டிருப்பார். அந்தக் கதவுக்கு அவள் பெயர்தான் சாட்சி. அங்கேயே நின்று சத்தமில்லாமல் அழுதாள்.

மறுநாள் காலை மேனேஜரின் மேஜையில் கடிதம் இருந்தது. துணி அறையைச் சேர்த்து ஐந்து கதவுகளின் எண், இடம், குறை, தேதி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே வரி: இதைச் சரியென்று எழுதியது நான்தான். அவர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இருபத்தாறு கடிதங்களையும் தானே உட்கார்ந்து அடித்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்: அந்த நிறுவனம் மூடவில்லை. இரண்டு கட்டடங்கள் விலகிப் போயின, மற்றவை முணுமுணுத்துவிட்டு இருந்தன.

வாரியம் அவளைக் கூப்பிட்டது. மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம். நீங்களாகவே ஏன் மறுபடியும் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள்; ஒருவர் சரியென்று எழுதிய கதவை அவரே மறுபடி பார்த்தால் அது கணக்கில் வராதாம். விதி சரிதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். வேறொரு பரிசோதகரை அனுப்பி மூவாயிரத்துச் சொச்சத்தையும் தள்ளிப் பார்த்தார்கள். பதினேழு கதவுகள் சாத்தவில்லை. அவள் சொன்ன ஐந்தும் அதில் இருந்தன. எல்லாவற்றையும் சரி செய்தார்கள். அவளுடைய அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். காது போனதற்காக அல்ல, பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதற்காக. சலூன்காரர் அநியாயம் என்று குதித்தார், வருகிற தலைகளிடமெல்லாம் முறையிட்டார். அவள் அப்படிச் சொல்லவில்லை. நியாயம்தான், வலிக்கிறது, இரண்டும் உண்மை என்றாள்.

பதினேழு கதவுகளில் பதினாறு படிக்கட்டுக் கதவும் நடைவழிக் கதவும் துணி அறைக் கதவும்தான். ஒன்றுக்குப் பின்னால் மட்டும் ஓர் ஆள் ஏழு மாதம் தூங்கியிருக்கிறார். அந்த ஆளிடம் நேரில் போய்ச் சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மதியம் போனாள். லாரிக்காரர் விழித்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்: இந்தக் கதவைச் சரியென்று எழுதினது நான், அது சாத்தவில்லை, என் தப்பு, மன்னிக்க வேண்டும். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "அப்போ இதைச் சாத்த வெச்சதும் நீங்கதானா? யாரு செஞ்ச வேலைன்னு நானும் இத்தனை நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. முப்பது வருஷம் இன்ஜின் சத்தத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்த மனிதர். இங்கே வந்து விழுந்த பிறகு அவருக்கு மிஞ்சியது அந்த விரலகலச் சந்துதான். அதன் வழியாக நடைவழி முழுவதும் உள்ளே வரும். செருப்பை இழுத்து நடக்கிற நர்ஸ் யார், குதிகால் அழுந்த நடக்கிறவள் யார் என்று அவருக்குத் தெரியும். எதிர் அறைக்காரர் தன் மகளோடு போனில் போடும் சண்டையில் எந்த இடத்தில் அழுவார் என்று தெரியும். மூன்றரைக்கு டீ வண்டி வரும், அதில் ஒரு சக்கரம் கீச்சென்று அழும். அதற்காக மூன்று மணியிலிருந்தே காத்திருப்பாராம்.

"இப்போ பாருங்க. கிணத்துக்குள்ள போட்டு மூடின மாதிரி இருக்கு."

தப்பைச் சரி செய்துவிட்டோம் என்று வந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். தீப்பிடித்திருந்தால் அந்தச் சந்து வழியாக வருகிற புகையே போதும், உங்களால் எழுந்து ஓட முடியாதே என்று மெதுவாகச் சொன்னாள்.

"தெரியும் தங்கச்சி. லாரி எரிஞ்சு பார்த்தவன் நான். நெருப்பு என்னைக்கோ ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். இது தினமும்." அவர் கதவைப் பார்த்தார். "போகும்போது அடியில ஒரு சின்னக் கட்டையை வெச்சுட்டுப் போங்க. யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"அது மட்டும் என்னால முடியாதுண்ணா."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சுவரில் மணி மூன்றே கால். கதவக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். கதவுப் பக்கம் போனாள். அகலத் திறந்து, முதுகை அதன்மேல் கொடுத்துச் சாய்ந்து நின்றுகொண்டாள். தலைக்கு மேலே இரும்புக் கை தன் வேலையைச் செய்யப் பார்த்தது. அதன் அழுத்தம் தோள்பட்டையில் தெரிந்தது. நல்ல பலமான கை. கட்டை வைப்பதுதான் தப்பு, ஆள் பிடித்துக்கொண்டு நிற்பது எந்த விதியிலும் தப்பில்லை. நெருப்பென்றால் ஆள் விட்டுவிடுவாள், கட்டை விடாது. இதற்கு அட்டையும் வேண்டாம், தேர்வும் வேண்டாம்.

நடைவழி வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வளைவில் டீ வண்டி தலை காட்டியது. லாரிக்காரர் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார்.

"வந்துருச்சு. அந்தக் கீச்சுச் சத்தம், கேக்குதா?"

வண்டி வருவதை அவள் பார்த்தாள். சக்கரங்கள் சுற்றின. இந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமில்லாதது. தலைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்கவும் ஒன்றுமில்லை. "இல்லண்ணா" என்றாள். "அந்த மாதிரிச் சத்தமெல்லாம் எனக்குப் போயிடுச்சு. அதனாலதான் உங்க கதவே தப்பிப்போச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். முன்சக்கரம், வலது பக்கம், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அழுகிறது. இப்போது நின்றுவிட்டது, எதிர் அறை. ஸ்பூன் கப்பில் இடிக்கிறது, சர்க்கரை இரண்டு தரம். யாரோ சிரிக்கிறார்கள், அடக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். அவள் நின்றபடியே ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டாள். வண்டி வந்தது, அவருக்கு டீ கொடுத்தது, தாண்டிப் போனது. வளைவில் திரும்பி மறைந்த பிறகும் அவருக்கு வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"போதும், விடுங்க தங்கச்சி. கை வலிக்கும்."

"முதுகுதான் அண்ணா, இருக்கட்டும். இப்போ என்ன கேக்குது, சொல்லுங்க."